மேற்படி வண்டி குறித்துச் சம்பந்திக்கு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே வீட்டில் மனிதர்கள் எல்லோரும் சுகம். சாமான்களின் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தாங்களும் சம்பந்தியம்மாளும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் படித்து முடித்த பிறகும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

விஷயம் தங்கள் மகளைப் பற்றியது. பதற வேண்டாம். மருமகளாக வந்த நாள் முதல் அவளைக் குறித்து எனக்கு ஒரு குறையும் இல்லை. பல் டாக்டராக ஊரில் நல்ல பெயர். என் பல்செட்டே அவள் செய்து கொடுத்ததுதான். ஆனால் மற்றவர்கள் பிள்ளைக்குப் பொம்மை வாங்கித் தரும் வயதில் தாங்கள் அவளுக்கு ஸ்பேனர் வாங்கித் தந்தீர்கள் என்பதும், தங்கள் லாரிக்கு அடியில் படுத்தே அவள் வளர்ந்தாள் என்பதும் இப்போதுதான் தெரிய வருகிறது. கல்யாணப் பேச்சின்போது பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா என்று என் மனைவி கேட்டாள். கிளட்ச் கழற்றத் தெரியுமா என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. தாங்களும் வாயைத் திறக்கவில்லை.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு கிரேன் வந்து நின்றது. அதன் பின்னால் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு பழைய பிக்கப் வண்டி. வண்டி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். முன்னால் இருவர் உட்கார இடம், பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டி. தொட்டியில் ஒரு செடி முளைத்துப் பூவும் விட்டிருந்தது. "பாவம், யாரோ வீடு மாறி வந்துட்டாங்க, போய் வழி சொல்லு" என்று மகனிடம் சொன்னேன். அவன் தரையைப் பார்த்தபடி, "வீடு இதுதாம்பா. உங்க மருமகதான் வாங்கியிருக்கா" என்றான். கணக்குத் தணிக்கை செய்கிற பையன். திருகாணியை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்பதற்கே ஆள் கூப்பிடுகிறவன். அன்று முதல் அவனுக்கு டார்ச் பிடிக்கிற வேலை.

கழற்றுவது மளமளவென்று முடிந்துவிட்டது. கழற்றியதெல்லாம் வீட்டுக்குள் வந்தது. சாப்பாட்டு மேசையில் பிரேக் சாமான்கள். துணிக் கொடியில் பெயிண்ட் காய்வதற்காகக் கைப்பிடிகள். ஜன்னல் மேடையில் இரண்டு ஹெட்லைட்டுகள். நான் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொள்ளும்போது அவை என்னையே பார்க்கின்றன. குளியலறையில் ரேடியேட்டர். நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் நான், ஒரு பொருளை எடுத்தால் எடுத்த இடத்தில் வைத்துப் பழகியவன். ஒருநாள் காலை வழக்கமான கிண்ணத்திலிருந்து பல்செட்டை எடுத்து மாட்டினேன், சம்பந்தி. அதில் தண்ணீருக்குப் பதில் மண்ணெண்ணெய், கூடவே ஊறப் போட்டிருந்த நட்டுகள். அன்று முழுக்க நான் பேசினால் எதிரே இருப்பவர்கள் அடுப்பை அணைத்தார்கள்.

தங்கள் மகள் துருவைத் துரு என்று சொல்வதில்லை. "இங்க பாருங்க மாமா, வேர் வரைக்கும் சொத்தை. சுரண்டி எடுத்துட்டு அடைக்கணும்" என்கிறாள். பல் குத்துகிற ஊசிகளால் கார்புரேட்டரின் ஓட்டைகளைச் சுத்தம் செய்யும்போது, "கொஞ்சம் கூசும், பொறுத்துக்கோ" என்று அதற்குச் சமாதானம் வேறு. சரி, என் மனைவியாவது என் பக்கம் நிற்பாள் என்று பார்த்தால், அவள் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு கதவைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள். "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்றேன். "உங்க மூஞ்சிய நினைச்சுக்கிட்டுத் தேய்ச்சா சும்மா பளபளன்னு வருது" என்றாள். இத்தனை காலம் குடும்பம் நடத்தியதற்கு இது.

போன ஞாயிறு எஞ்சினை முதன்முதலாகக் கிளப்பிப் பார்க்க ஏற்பாடு. எல்லோர் கையிலும் கிரீஸ். சுத்தமாக இருந்தவன் நான் ஒருவன்தான், ஆகவே என்னை உள்ளே உட்காரச் சொன்னார்கள். நான் வாழ்நாளில் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. "கியர் சிக்கிக்கிட்டு இருக்கு மாமா. இடது காலால கிளட்சை அழுத்திக்கிட்டே இருங்க, எடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு, முன்பக்கம் போய் இரண்டு ஒயரை உரசினாள். வண்டி ஒரு தும்மல் தும்மியது, இருமியது, பிறகு ஹோவென்று உயிர் வந்துவிட்டது. என் உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை நடுங்கியது. சந்தோஷத்தில் கைதட்டினேன். கைதட்டும்போது காலையும் எடுத்துவிட்டேன் போலிருக்கிறது.

தங்கள் மகள் ஒருபக்கம் துள்ளி விலக, வண்டி கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கியது. பிரேக்கைத் தேடினேன், அது சாப்பாட்டு மேசையில் இருந்தது. நல்லவேளை, மேற்படி வண்டி நடந்து போகிறவன் வேகத்தில்தான் போனது. பின்னால் மகன் டார்ச்சோடு ஓடி வருகிறான், பட்டப்பகலில். "சாவியைத் திருப்புப்பா!" "சாவி எங்கடா இருக்கு?" "சாவி கிடையாதுப்பா!" பால் கடை வாசலில் நின்றவர்கள் எனக்கு வணக்கம் வைத்தார்கள். பழக்க தோஷம், நானும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு வணக்கம் வைத்தேன். அந்த நேரத்தில்தான் வண்டி எதிர்வீட்டு டீச்சர் கட்டடம் கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலை நோக்கித் திரும்பியது. தங்கள் மகள் வெறுங்காலோடு ஓடி வந்து, கதவு இல்லாத பக்கமாகப் பாய்ந்து ஏறி, ஸ்டியரிங்குக்குக் கீழே தொங்கிய ஒயரைப் பிடுங்கினாள். மூக்கு மணலில் புதைய வண்டி நின்றது. "மாமா, அடிபட்டுச்சா?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் அப்போது, "வண்டிக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டேனாம். எனக்கு ஞாபகமில்லை. டீச்சர் வெளியே வந்து மணலையும் என்னையும் பார்த்துவிட்டு, "அடுத்த ரவுண்டு எப்போ சார்? நானும் ஏறிக்கிறேன்" என்றார்.

இதைத் தெருவே பேசியதில் ஒரு ஹோட்டல்காரர் காதுக்கும் எட்டி, வண்டியை விலைக்குக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார். இன்று அவரே வருகிறார். தங்கள் மகளோ, "மாமா பயந்துட்டாங்க. அவங்களுக்கு இடைஞ்சலா இருந்தா குடுத்துடலாம். அவங்க என்ன சொல்றாங்களோ அதுதான்" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு ரேடியேட்டரைத் துடைக்கப் போய்விட்டாள். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். இப்படிச் சொன்னால் நான் என்ன செய்ய? தீர்ப்புச் சொல்பவர்கள் பக்கத்திலேயே காலமெல்லாம் உட்கார்ந்திருந்தவன், ஒரு தீர்ப்பும் நானாகச் சொன்னதில்லை. எனக்கு என் சாப்பாட்டு மேசை வேண்டும், குளியலறை வேண்டும். ஹோட்டல்காரரிடம் ஒரு வாரம் வாய்தா வாங்கி வைக்கிறேன். தாங்கள் கடிதம் கண்டதும் புறப்பட்டு வந்து, விற்றுவிடும்படி தங்கள் வாயால் மகளுக்குப் புத்தி சொல்ல வேண்டுமாய்ப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் அன்பைச் சொல்லவும். தங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், முழங்கால் வலியில்லாத நடையும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் ஹோட்டல்காரர் வந்துவிட்டார். வாய்தா கேட்கத்தான் வாசலுக்குப் போனேன். அவர் வண்டியைச் சுற்றி வந்து, பானெட்டைத் தட்டிப் பார்த்து, "எஞ்சினை எடுத்துக் காயலான் கடைக்குப் போட்டுடுவோம் சார். வாசல்ல நிறுத்தி உள்ளே பூந்தொட்டி வெச்சா எடுப்பா இருக்கும்" என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. "இது ஓடுற வண்டிங்க!" என்று கத்திவிட்டேன். "ஓடும் சார், யாரு ஓட்டப் போறா?" என்றார். "நான்தான்!" என்று சொல்லி கேட்டைச் சாத்திவிட்டேன். உள்ளே என் மனைவி இன்னும் சிரித்து முடிக்கவில்லை. தங்கள் மகள் எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள், ரேடியேட்டர் மேலேயே.

ஆகவே மேலே எழுதியதில் ஒன்றையும் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் கட்டாயம் வாருங்கள், அழுக்கானால் பரவாயில்லை என்கிற உடுப்போடு. வந்து, யாருக்கும் தெரியாமல் எனக்குக் கொஞ்சம் வண்டி ஓட்டக் கற்றுக் கொடுங்கள். மருமகளிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.