நாலு விரல்கடை குறைந்த கதவு

நல்ல காரியம் செய்யக் கிளம்பியவனைப் போல ஆபத்தான ஆள் உலகத்தில் கிடையாது. நானும் சில மாதங்கள் அப்படி ஆபத்தாக இருந்திருக்கிறேன்.

அப்போது திண்டிவனத்தில் ஒரு சமுதாய வானொலியில் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் வேலை. மாற்றுத்திறனாளிகளுக்கு வாரம் ஒரு நேரலை நிகழ்ச்சி என்பது என் யோசனை. (யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.) வாசற்படியை ஒட்டி சிமெண்டில் சாய்தளம் கட்டி, மஞ்சள் பெயிண்ட் அடித்து, அதன்மேல் விதவிதமாக நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

முதல் விருந்தினர் வளர்மதி அக்கா. ஒலக்கூரில் தையல் கடை வைத்திருப்பவர். சிறு வயதிலிருந்தே சக்கர நாற்காலி. நிகழ்ச்சி நன்றாக அமைந்தால் வாராவாரம் அவரே நடத்துவதாகப் பேச்சு. அதற்காகக் கடையைப் பூட்டிவிட்டு, நாற்காலியோடு ஆட்டோவில் வந்திறங்கினார்.

சாய்தளத்தில் சர்ரென்று ஏறி, "சோக்கா கட்டிக்கிறீங்க தம்பி" என்றார். நான் பூரித்துப்போனேன். அந்தப் பூரிப்பு ஸ்டூடியோ கதவு வரைக்கும் நீடித்தது.

வெளிச்சத்தம் நுழையாதபடி பஞ்சு வைத்துத் தைத்த ஒற்றைக் கதவு. நாற்காலி அதன்முன் 'டொக்'கென்று நின்றது. நாலு விரல்கடை போதவில்லை. நிகழ்ச்சிக்கு எட்டு நிமிடம் இருந்தது.

"ஒண்ணும் பிரச்சனை இல்லக்கா. நானும் ரஹீமும் அப்படியே தூக்கி உள்ள வெச்சிடுறோம்." ரஹீம் எங்கள் ஒலிப்பதிவாளன்.

"நான் இன்னா மல்லாட்டை மூட்டையா?"

"ஒரு தடவதானேக்கா!"

"எனக்கு ஒரு தடவ. அடுத்த வாரம் வர்றவங்களுக்கு? நான் இங்கியே இருந்துக்கினு பேசுறேன். மைக்க வெளிய கொண்டாங்க."

நியாயம்தான். ஆனால் அந்த நேரத்தில் நியாயம் எனக்குப் பிடிக்கவில்லை. ரஹீம் கடைசி நிமிடம் வரை நீளமான வயர் தேடி, ஒரு மைக்கை அக்காவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனான். பின்னாலேயே போய்ப் பொரிந்து தள்ளினேன்.

"பெரிய பேஜாரு ரஹீம் இந்தம்மா. ரெண்டு பேர் புடிச்சித் தூக்கினா முடிஞ்சிது வேலை. இதுக்குத்தான் யாருக்கும் நல்லது பண்ணவே கூடாதுன்றது."

ரஹீம் பேசாமல் சுவரைக் காட்டிக் காட்டிக் கையை ஆட்டினான். கொசு என்று நினைத்து, சுவரில் ஓங்கி ஒரு அறை விட்டேன். அதற்குச் சற்று மேலே, நேரலை தொடங்கிவிட்டதைச் சொல்லும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு மைக்கும் திறந்திருந்தன. என் பேச்சும் அறையும் ஒலக்கூர் வரை போய்ச் சேர்ந்துவிட்டன.

வெளியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நேயர்களுக்கு வணக்கம். நான் வளர்மதி. இப்ப பேசினது நிகழ்ச்சிப் பொறுப்பாளர் சாரு. நான் இன்னும் உள்ள போகலீங்க, கதவு சின்னது. சார், இந்த நாற்காலில உக்காந்து நீங்களே ஒருவாட்டி போய்க் காட்டுங்களேன்."

கைகளை ஊன்றிப் பக்கத்து பெஞ்சுக்கு மாறிக்கொண்டார். ஊரே கேட்டுக்கொண்டிருக்கும்போது மறுப்பது எப்படி? வெளியே வந்து உட்கார்ந்தேன்.

"சாரு வர்றாரு... முட்டிக்கினாரு. பின்னால போறாரு. இப்ப வேகமா வர்றாரு... ஐயோ, விரலு! இப்ப சாய்ச்சி நுழையப் பாக்குறாரு. ஒரு சக்கரம் உள்ள, ஒண்ணு வெளிய. சட்டப் பாக்கெட்டு தாழ்ப்பாள்ல மாட்டிக்கிச்சி. கிழிஞ்சிட்ச்சி. பரவால்ல சார், நான் தையக்காரிதான்."

முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. உள்ளே மாட்டிக்கொண்ட ரஹீமிடம் அக்கா கேட்டார்: "தம்பி, புடிச்சித் தூக்கினா முடிஞ்சிதா வேலை?"

"முடியலக்கா" என்றான், என்னை இழுத்தபடியே.

நேயர் ஒருவர் போன் செய்தார். "அவர இன்னும் அஞ்சி நிமிஷம் அங்கியே வெச்சிருங்க" என்றார்.

"மன்னிச்சிடுங்கக்கா" என்று முனகினேன்.

"மைக்குல சொல்லுங்க தம்பி, கேக்கல."

மைக்கில் சொன்னேன்.

மறுவாரமே தச்சர் வந்தார். கதவை அக்காவே நின்று சோதித்து வாங்கிக்கொண்டார் என்று எழுதப் போய், 'உட்கார்ந்து' என்று திருத்துகிறேன். நிகழ்ச்சியை இன்றுவரை அவர்தான் நடத்துகிறார். போன மாதம் பார்வையற்ற ஒருவர், அதற்கு முன் காது கேளாத ஒரு பெண்ணும் அவர் சைகையைக் குரலில் எடுத்துச் சொல்ல ஒரு தோழியும் வந்தார்கள். யாரையும் யாரும் தூக்கவில்லை.

எங்கள் வீட்டில்தான் அந்த ஒலிபரப்பு நிற்கவில்லை. அன்று அதைக் கேட்ட மனைவி, நான் பஸ்ஸில் ஏறினாலும் சரி, மண்டபத்தில் நுழைந்தாலும் சரி, "சாரு வர்றாரு..." என்று ஆரம்பித்துவிடுவாள். விழுப்புரத்தில் வீடு கட்டிய என் மைத்துனன், நிலை வைக்கும்போது எல்லா வாசலையும் அகலமாக வைக்கச் சொல்லியிருக்கிறான். கொத்தனார் காரணம் கேட்டதற்கு, "எங்க மாமா வர்ற வீடுங்க" என்றானாம்.