மாதங்கியின் அறிக்கையைப் படித்தவர்

மாதங்கியின் ஆய்வறிக்கை டிப்போ மேனேஜரின் மேஜையில் பத்திரமாகத்தான் இருந்தது. அதன் மேல் அவருடைய டிபன் கேரியர் இருந்தது.

"படிச்சீங்களா சார்?"

"நல்ல கனமான அறிக்கைம்மா," என்று மனதாரப் பாராட்டினார் அவர். "சூடு மேஜைக்கு இறங்கவே இல்ல."

மாதங்கி பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண்கள் விடியுமுன் மல்லிகை பறித்து, ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து மதுரை பூ மார்க்கெட்டுக்கு வந்து சேர்வதற்குள் விலை இறங்கிவிடுகிறது. ஐந்து மணிக்கு ஒரு பஸ் விட்டால் அவர்கள் பிழைப்பே மாறும். இரண்டு வருடம் ஊர் ஊராக அலைந்து இதை அவள் நிரூபித்திருந்தாள்.

"எம்புட்டோ பேரு வந்து எழுதிட்டுப் போயிட்டாக மேடம். பஸ் வருமா?" என்று பூக்காரி அன்னக்கொடி கேட்டபோது, "வரும்" என்று வாக்கும் கொடுத்திருந்தாள். அந்த வாக்குதான் இப்போது அவளைத் தூங்கவிடாமல் படுத்தியது.

"யார் படிப்பா இத்தனை பக்கம்? சுருக்குங்கோ!" என்றார் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் பட்டாபிராமன்.

சுருக்கினாள். இரண்டு பக்கக் குறிப்பு ஒவ்வொரு அலுவலகமாகச் சுற்றி, 'தங்கள் மேலான கருத்துக்கு' என்ற குறிப்போடு அவள் மேஜைக்கே வந்து சேர்ந்தது.

அன்னக்கொடியைப் பேசவைத்து வீடியோ எடுத்தாள். ஊரே பார்த்தது. பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றே ஒன்று: "அக்கா, தோடு எந்தக் கடை?"

கடைசியில் அச்சகம் வைத்திருக்கும் ராம்கியிடம் போய் நின்றாள்.

"மதுரையில ஒரு சேதி பரவணும்னா சுவத்துல ஒட்டணும் மேடம். ஆனா உங்க போட்டோ பெருசா வேணும். மூஞ்சி இல்லாத போஸ்டரை மாடுகூட மேயாது."

மாதங்கி சம்மதித்தாள். ஆனாலும் ஆய்வாளருக்கென்று ஒரு கௌரவம் இருக்கிறதே!

"கலர் வேண்டாம். இது ஆய்வு, காதுகுத்து இல்ல. என் பேரு, ஒரே ஒரு வரி: 'பூ விற்கும் பெண்களுக்கு ஐந்து மணிக்கு ஒரு பஸ் வேண்டும்.' கீழ என்கூட வேலை பாத்தவங்க பேரு அத்தனையும் வரணும். அதுதான் நியாயம்."

போட்டோவுக்கு அடையாள அட்டையில் இருந்ததையே கொடுத்தாள். அதில் அவள் யாரோ தப்புக் கணக்குக் கொடுத்ததுபோல முறைத்துக்கொண்டிருந்தாள்.

ராம்கி தலையைச் சொறிந்தான். "மேடம், கறுப்பு வெள்ளையில போட்டா..."

"சொன்னதைச் செய்ங்க ராம்கி."

டிப்போ சுவரில் போஸ்டர் ஏறிய அன்றே பட்டாபிராமன் அலறினார்.

"போன் மேல போன் வர்றது! எல்லாரும் தழுதழுத்த குரல்ல பேசறா. நம்ம நிறுவனத்துக்கு இது பெரிய நஷ்டமாம். ஆமாம்னு நானும் ஒத்துண்டுட்டேன். ஒரு வாரம் ஆபீஸ் பக்கம் வராதீங்கோ!"

வேலையே போய்விடும்போல் இருந்தது. அன்னக்கொடி வேறு போன் செய்து, "உங்க குரலைக் கேக்கணும்னு இருந்துச்சு மேடம்," என்று விசும்பிவிட்டு வைத்தாள். மாதங்கி வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தாள்.

அந்த வாரம் முடிவதற்குள் பஸ் வந்துவிட்டது!

பஸ் ஓடும் முதல் நாள் அதிகாலை மாதங்கி அன்னக்கொடியின் ஊருக்கு ஓடினாள். வாழைமரம் கட்டிய பஸ் நின்றிருந்தது. கூடை கூடையாக மல்லிகை ஏறிக்கொண்டிருந்தது. "பனி கொட்டுது," என்று அன்னக்கொடி தன் துண்டால் அவள் தலையை இழுத்து மூடி, கூட்டத்துக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

டிப்போ மேனேஜர் மேடையேறி மைக்கைப் பிடித்தார். மாதங்கியின் அறிக்கையை வரி பிசகாமல் சொன்னார். அட்டவணைகளைச் சொன்னார். அவளே மறந்துபோன அடிக்குறிப்பைக்கூட விடவில்லை. பேசப் பேச அவர் குரல் கம்மியது.

மாதங்கிக்குக் கண் நிறைந்தது. எழுதியதை ஓர் அதிகாரி மனப்பாடமாகச் சொல்கிறார். எழுதியபடி பஸ் நிற்கிறது. கொடுத்த வாக்கும் நிறைவேறியது. தன் வேலையை நினைத்து அவள் இவ்வளவு பெருமைப்பட்டதே இல்லை. நன்றி சொல்ல மேடையை நோக்கிப் பாய்ந்தாள்.

அன்னக்கொடி அவள் கையை இறுகப் பிடித்து இழுத்தாள்.

"போயிராதீங்க மேடம்! போஸ்டரைப் பாத்து நீங்க செத்துட்டீகன்னு அழுதுதான் அந்த மனுசன் உங்க புஸ்தகத்தையே படிச்சிருக்காரு. பஸ் ஒரு மாசம் ஒழுங்கா ஓடட்டும், பெறகு உசுரோட வாங்க."