சிவப்புச் சரிவு நீலமான வரலாறு

ஆல்ப்ஸ் மலையின் செங்குத்தை ஒரே பிற்பகலில் குறைத்த பெருமை, உலகத்திலேயே எங்கள் ஒபர்லாஹன் கிராமத்துக்கு மட்டும்தான் உண்டு. இதற்கு ஆன செலவு இரண்டு டப்பா நீலப் பெயிண்ட். பூசியவன் அடியேன்: வெண்டலின், 'விருந்தினர் நலப் பிரிவு' எழுத்தர்.

எங்கள் பனிச்சறுக்கு மையம் "குடும்பங்களின் சொர்க்கம்". அப்படிச் சொன்னது வேறு யாருமல்ல, நாங்களேதான். ஒரே குறை, உச்சியிலிருந்து இறங்கும் நீண்ட சரிவில் சிவப்புக் கம்பங்கள் நின்றன. நீலம் என்றால் புதியவர்களுக்கு. சிவப்பு என்றால் ஓரளவு பழகியவர்களுக்கு. சிவப்பைக் கண்ட குடும்பங்கள் அடிவாரத்திலேயே நின்றுவிட, உச்சி உணவகத்தில் எங்கள் சூப் ஆறிப்போனது. இந்த மாபெரும் நெருக்கடியைத் தீர்க்க டிசம்பர் முதல் வாரம் குழு கூடியது.

"மலை யாரையும் பயமுறுத்தல. கம்பம்தான் பயமுறுத்துது. கலரை மாத்துங்க," என்றார் மேலாளர் குண்டோல்ஃப்.

சறுக்குப் பள்ளியின் தலைமை ஆசிரியை வால்புர்கா எழுந்தாள். மேலாளருக்கே சறுக்கக் கற்றுக்கொடுத்தவள். அதனால் அவளிடம் மரியாதைக்குப் பஞ்சம்.

"குண்டோல்ஃப், அந்தப் பைன் மர வளைவுல நானே பிரேக் போட்டுத்தான் இறங்கறேன். நீ நாலு தடவை விழுந்து அழுத இடம்டா அது!"

"அப்போ அது சிவப்பு. இனிமே யாரும் விழ மாட்டாங்க."

"பெயிண்ட் அடிச்சா சரிவு கொறஞ்சிருமா?"

"வருமானச் சரிவு கொறையும்ல!"

பதினொரு பேரில் பத்துப் பேர் கை தூக்கினோம். அன்று பிற்பகலே என் கையில் தூரிகை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஹாலந்திலிருந்து ரின்ஸ் என்ற பல் மருத்துவர் வந்தார். கூட ஏழு வயது மகள் ஃபென்னா. மேட்டைப் படத்தில் மட்டுமே பார்த்த நாட்டுக்காரர்கள். மூன்று நாள் பயிற்சியில், பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்து பீட்சாத் துண்டு போல வைத்தால் வேகம் குறையும் என்று கற்றிருந்தார்கள். லிஃப்ட் வாசலில் நான் நின்றிருந்தேன்.

"இது நிஜமாவே நீலம்தானே?" என்று கேட்டார் ரின்ஸ்.

"தொட்டுப் பாருங்க சார். நல்லாக் காய்ஞ்சிருக்கு."

வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். மேலே போனார்கள்.

பைன் மர வளைவுக்கு எங்கள் தீர்மான நகல் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. அது பழையபடியே இருந்தது. ரின்ஸ் உருண்டு கால் உடைந்து கிடந்தார். ஃபென்னா ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு, கீழே பார்க்கவும் முடியாமல் கத்தினாள். அலறல் கேட்டு ஓடிய வால்புர்கா, அப்பாவை மீட்புக்காரர்களின் பனிவண்டியில் ஏற்றிவிட்டு, குழந்தையை முதுகில் சுமந்தபடி அடிவாரம் வரை சறுக்கி வந்தாள்.

நான் சூப் கொடுத்தேன். குழந்தை வாங்கவில்லை.

"மாமா, நான் பீட்சா சரியாத்தான் போட்டேன். ஏன் நிக்கல?"

விருந்தினர் நலப் பிரிவு சூப்பைத் திரும்ப உள்ளே எடுத்துப் போனது.

மறுநாளே விசாரணை. நீலச் சரிவில் கால் உடைய வாய்ப்பில்லை. ஆகவே அது முன்பே பலவீனமான கால் என்று குழு கண்டறிந்தது. உண்மையான குற்றவாளி வால்புர்கா. புதியவர்களுக்கான சரிவில், நூறு விருந்தினர் கண்ணெதிரே ஒரு குழந்தையைச் சுமந்து வந்து, சரிவு செங்குத்தானது என்ற 'தவறான எண்ணத்தை' ஏற்படுத்திவிட்டாள். வேலைநீக்க உத்தரவை எழுதியது நான். சாட்சிக் கையெழுத்தும் நான்.

அவள் படித்துப் பார்த்தாள்.

"உன் கை பெயிண்டும் நல்லா அடிக்குது வெண்டலின், எழுதறதும் நல்லா எழுதுது," என்றாள். தலையை நிமிர்த்தாமல் உத்தரவின் நகலை நீட்டினேன்.

பிப்ரவரியில் 'குடும்ப நேய மையம்' விருது எங்களுக்கே கிடைத்தது. மேலாளர் கண்ணீர் மல்க வாங்கினார். நான் இரண்டு கையும் சிவக்கத் தட்டினேன்.

அடுத்த ஞாயிறு, என் மகள் மினாவைக் காரில் ஏற்றிக்கொண்டு பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போனேன். அங்கேதான் வால்புர்கா இப்போது கற்றுக்கொடுக்கிறாள். வரிசையில் எனக்கு முன்னால், குல்லாயை மூக்கு வரை இழுத்துவிட்டபடி ஒருவர். பக்கத்தில் ஒரு சிறுமி. குல்லாய்க்குள் குண்டோல்ஃப்.

"நீ எங்கடா இங்க?"

"நீங்க எங்க சார் இங்க?"

"ஆய்வு."

"நானும் ஆய்வுதான் சார்."

வால்புர்கா வந்தாள். எங்கள் இருவரையும் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. குனிந்து மேலாளரின் மகளிடம் கேட்டாள்:

"உங்க ஊர்லயே விருது வாங்கின மையம் இருக்கே கண்ணு, அங்க ஏன் கத்துக்கல?"

"அது வெளியூர்ப் பசங்களுக்கு டீச்சர்," என்றது குழந்தை, வரிசை முழுக்கக் கேட்கும்படி. "சொந்தப் பசங்களை யாராவது அங்க விடுவாங்களா?"

மினாவும் ஆமாம் என்று தலையாட்டினாள்.