செவலைக்கு இளங்கொடி விழாத கதை

பூஞ்சேரி,
மார்கழி, வியாழக்கிழமை

மதுராந்தகம் சம்பந்தியம்மாள் லோகநாயகி அவர்களுக்கு ஆதியம்மாள் கும்பிட்டு எழுதுவது. உங்கள் மகள் சரோஜாவும் பேரனும் சுகம். நீங்கள் சீராகக் கொடுத்த செவலைப் பசுவும் சுகம், கிடேரிக் கன்று போட்டிருக்கிறது, அதுவும் சுகம். செவலை சாகக் கிடக்கிறது என்று பஸ்ஸில் யாரோ சொல்லி நீங்கள் அழுததாகக் கேள்விப்பட்டேன். அழ வேண்டாம். அந்தச் சேதியைக் கிளப்பினவள் நான்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் செவலைக்குப் பனிக்குடம் உடைந்தது. ஊசி போட்டுப் பிடித்த சினை, கன்று பெரிதாக இருக்குமே என்று எனக்கு முதலிலிருந்தே பயம். முன்னங்கால் இரண்டும் அதன்மேல் மூக்கும் வந்தால் கவலையில்லை, தானாகப் போட்டுவிடும். இதற்கு மூக்கும் ஒரு காலும்தான் தெரிந்தது, இன்னொரு கால் உள்ளே மடங்கிக்கொண்டது, பசு முக்கி முக்கி ஓய்ந்துவிட்டது. நான் சோப்புப் போட்டுக் கழுவி, கை முழுக்க விளக்கெண்ணெய் தடவி, கன்றைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, குளம்பைக் கைக்குள் பொத்தி நிமிர்த்தி இழுத்தேன், வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. இதுவரைக்கும் என்மேல் ஒரு குற்றமும் இல்லை சம்பந்தி. கன்றுக்குப் பின்னால் நஞ்சுக்கொடி, அதுதான் இளங்கொடி, விழுகிற வரை மாட்டை விட்டு நகரக்கூடாது என்று தெருவுக்கே சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனால் மடங்கின காலை நிமிர்த்தின பெருமையை அடக்க முடியவில்லை. அடுத்த வீட்டுத் தனக்கோடியிடம் ஆரம்பித்துக் குளத்தங்கரை வரைக்கும் சொல்லிவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தால் இளங்கொடியைக் காணோம். தரையிலும் இல்லை, வாலடியிலும் தொங்கவில்லை, எங்கள் வீட்டுக்காரரும் இல்லை. உள்ளேயே தங்கிவிட்டது, அழுகி மாட்டைக் கொன்றுவிடும் என்று நினைத்துவிட்டேன். இளங்கொடி விழ மூங்கில் தழை கொண்டுவாருங்கள் என்று போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. செவலை தழையை ருசித்துத் தின்றதே தவிர ஒன்றும் போடவில்லை. பக்கத்து ஊரில் எருமை பார்க்க வந்திருந்த மாட்டு டாக்டரைச் சைக்கிளில் வைத்துக் கூட்டி வந்தார்கள். அவர் சட்டையைக் கழற்றித் தோள் வரைக்கும் கையை விட்டுத் தேடினார்.

“உள்ள ஒண்ணும் இல்லம்மா. சுத்தமா இருக்கு.”

“நல்லா பாரு நைனா. மேல ஒட்டிகினு கீதா இன்னான்னு பாரு.”

“இதுக்கு மேல பாக்கணும்னா நானே உள்ள போகணும்.”

படித்த பிள்ளைக்குக் கை பழக்கம் போதாது என்று நான் எல்லார் எதிரிலும் சொன்னேன். அவர் பாவம், மறுபடியும் தேடினார். அப்போது எங்கள் வீட்டுக்காரர் வெற்றிலை மென்றபடி வந்து சேர்ந்தார்.

“இன்னாடி, வூட்டாண்ட இம்மாங்கூட்டம்?”

“இளங்கொடி வுழலையே, மாடு சாவப்போவுதே.”

“அது அப்பவே வுழுந்துச்சே. நாய் இழுத்துகினு போவப்போவுதுன்னு வைக்கோல்ல சுத்தி ஏரிக்கரை ஆலமரத்துல கட்டிட்டு, அப்படியே டீக்கடைல குந்திட்டேன். ஆலமரத்துல கட்னாதான் பால் ஊறும்னு நீதான சொல்லுவ?”

“ஏன் ஆதியக்கா, டாக்டர மரத்துல ஏத்தி வுடலாமா?” என்றாள் தனக்கோடி.

தெருவே சிரித்தது. டாக்டர் மட்டும் சிரிக்காமல் கை கழுவத் தண்ணீர் கேட்டார். அவரும் சிரித்திருந்தால் தேவலை. அன்றிலிருந்து தண்ணீருக்குச் சரோஜாதான் போகிறாள், நான் வாசல் தாண்டவில்லை. பொங்கலுக்கு உங்கள் வீட்டுக் கிடேரி கன்று போடும்போது வந்து கூட நிற்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்குத் தலையீத்து, முதல் கன்று, சிரமப்படும். என்னை நம்ப வேண்டாம் சம்பந்தி, டாக்டரையே கூப்பிடுங்கள். இனிமேல் எந்த மாட்டுக்குப் பின்னாலும் போய் நிற்க எனக்கு முகம் இல்லை.

பெரியவர்களுக்கு என் கும்பிடு. குழந்தைகள் குறைவில்லாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
தலை நிமிராத
ஆதியம்மாள்

பின்குறிப்பு: இதை ஒட்டப் போகும்போது உங்கள் மகன் செவலையைப் பார்க்க ஓடி வந்தான். உங்கள் கிடேரிக்கு மடி இறங்கி, வாலடி குழிந்துவிட்டதாகச் சொல்கிறான். அப்படியானால் பொங்கல் வரை தாங்காது. விளக்கெண்ணெயும் சோப்பும் எடுத்துக்கொண்டு அவனோடேயே பஸ் ஏறுகிறேன். டாக்டர் தேவையில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, இடுப்பில் செருகிக்கொண்டு வருகிறேன். கன்று விழுந்து, என் கண்ணெதிரே இளங்கொடியும் விழுந்த பிறகு தருகிறேன், படித்துக்கொள்ளுங்கள்.