சத்தம் வராத லேப்டாப்

"சத்தம் வரலை" என்றாள் மனைவி.

லேப்டாப் திரையில் ஏழெட்டுப் பிள்ளைகள் சதுரம் சதுரமாக உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். கணக்கு டீச்சரான அவள் சொல்வது அவர்களுக்குக் கேட்கவில்லை, அவர்கள் சொல்வது அவளுக்குக் கேட்கவில்லை. முந்தாநாள் வரை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நேற்றுதான் இன்ஜினியர் அதில் கை வைத்தார்.

இன்ஜினியர் என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். ஓர் ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். இனி வேண்டாம் என்று ஆபீஸ் அனுப்பிவிட்டது. அன்றிலிருந்து மனைவி சொல்லிக்கொடுக்கும் கணக்கில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. அந்தக் கணக்கு ஓடுவது இந்தக் கிழட்டு லேப்டாப்பில். அது மெதுவாக இருக்கிறது என்று அவள் ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். மனுஷன் சும்மா இருப்பாரா? உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்தெறிந்துவிட்டு, பழைய கம்ப்யூட்டர்களுக்கென்றே செய்த லேசான லினக்ஸ் சிஸ்டம் ஒன்றை ஏற்றிவிட்டார்.

"எவ்வளவு வேகம் பார்த்தியா?"

"வேகமாத்தான் இருக்கு. சத்தம்தான் வரலை."

"ஒரு பேக்கேஜ் போடணும், சத்தத்துக்கான குட்டி சாஃப்ட்வேர். லேசான சிஸ்டம்ல எதையும் தேவையில்லாம வெச்சிருக்க மாட்டான். வேணும்னா நாமதான் போட்டுக்கணும். அஞ்சு நிமிஷம், பிள்ளைங்களை இருக்கச் சொல்லு."

"எப்படிச் சொல்றது?"

அவர் அதற்குள் கறுப்புத் திரையைத் திறந்து கட்டளையைத் தட்டியிருந்தார். சத்தத்துக்கான பேக்கேஜ் தனியாக வர மறுத்தது. அதற்குத் துணைக்கு இன்னொன்று வேண்டுமாம். அந்த இன்னொன்று வருவதற்கு, ஏற்கெனவே இருப்பதெல்லாம் புதுசாக மாற வேண்டுமாம். எதெது மாறும் என்று மெஷின் மளமளவென்று கொட்டிவிட்டு, தொடரலாமா என்று கேட்டது. இன்ஜினியர் அதையெல்லாம் படிக்கிற ரகமில்லை. 'எஸ்'ஸுக்கு 'ஒய்' என்று ஒரு தட்டு தட்டினார்.

எல்லாம் புதுசாயிற்று. வைஃபை போயிற்று.

"இப்ப சத்தம் வருமா?" என்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

"வைஃபை வந்தா வந்துடும்."

"வைஃபை எங்க போச்சு?"

"அதுக்கும் ஒரு பேக்கேஜ் போடணும்."

"போடுங்களேன்."

"போடறதுக்கு வைஃபை வேணும்."

அவள் வகுப்பைத் தன் போனுக்கு மாற்றிக்கொண்டாள். உள்ளங்கை அளவு திரையில் பின்னக் கணக்குகளை எழுதிக் காட்டினாள். பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்கள். அதையாவது விட்டுவைத்தாரா? மறுநாள் காலை அந்தப் போனையும் வாங்கி, ஒயரில் லேப்டாப்போடு கட்டிப்போட்டார். போன் வழியாக நெட் வந்தால்தானே வைஃபைக்கான பேக்கேஜ் இறங்கும்.

"சாயங்காலம் கிளாஸ் இருக்குங்க."

"இறங்கிட்டிருக்கு."

"கடைக்காரர்கிட்ட குடுத்தா பழையபடி பண்ணித் தந்துடுவாரு."

அவருக்குச் சுருக்கென்றது. "என் வீட்டு மெஷினைக் கடைக்காரன் தொடணுமா? அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?"



வைஃபை வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் யாருக்கும் வேண்டாத சில பேக்கேஜ்கள் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன, நீக்கிவிடலாமா என்று மெஷின் யோசனை சொன்னது. இன்ஜினியருக்கு அது நியாயமாகப் பட்டது. மறுபடியும் ஒரு 'ஒய்'. அந்த வேண்டாத கூட்டத்தில்தான் திரையில் தெரிகிற அத்தனையும் இருந்தது. படங்கள் போய், பொத்தான்கள் போய், கறுப்பில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப ஒண்ணுமே தெரியலையே" என்றாள் மனைவி.

"இது இன்னும் லேசு."

அதன்பிறகு அவர் ஹால் மூலையில், சுவரைப் பார்த்துப் போட்ட மேஜையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. சாப்பாட்டுத் தட்டு மேஜைக்கே வந்தது. மெஷின் காட்டிய பிழைகளை ஒன்றுக்கு இரண்டு தடவை படித்தார். நெட்டில் முகம் தெரியாத ஆட்களிடம் பணிவாகச் சந்தேகம் கேட்டார், மறக்காமல் நன்றி சொன்னார். மனைவிக்கு மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்.

"ரெண்டு பிள்ளைங்க வேற டீச்சர்கிட்ட போயிட்டாங்க."

"ம்."

"மத்தவங்களும் போயிடுவாங்க போல."

"ம்."

"குழாய் ஒழுகுது. ஒரு ஸ்கூல்ல வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க, போகட்டுமா? கேஸ் வேற தீர்ந்துடுச்சு."

"ம், ம்."

ஒருநாள் அவள் மேஜைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றாள். "கொஞ்சம் என் முகத்தைப் பார்த்துப் பேசுங்க. முக்கியமான விஷயம்." நிதானமாக, நீளமாக ஏதோ கேட்டாள். அந்த நேரம் பார்த்துப் பேக்கேஜ் ஒன்று பாதிக்கு மேல் இறங்கியிருந்தது.

"சரி, உன் இஷ்டம்" என்றார்.

அவள் ஒயரிலிருந்து தன் போனைக் கழற்றிக்கொண்டு போனாள். அவள் கழற்றியதும் அவருக்குத் தெரியாது, போனதும் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்திருந்தான்.

"மாமா, பீரோவை எடுக்கட்டுமா?"

"ம்."

முதுகுக்குப் பின்னால் எதை எதையோ இழுக்கிற சத்தம், டேப்பைக் கிழிக்கிற சத்தம். வெள்ளையடிக்கப் போகிறார்கள் போல. இதற்கு வேறு நேரமே கிடைக்கவில்லையா இவர்களுக்கு என்று எரிச்சலாக வந்தது. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

போன படங்களும் பொத்தான்களும் முந்தின நாளே திரும்பியிருந்தன; மத்தியானம் சத்தத்துக்கான கடைசி பேக்கேஜும் உட்கார்ந்தது. பஞ்சை எடுத்துவிட்டுச் சோதனைக் கட்டளையைத் தட்டினார்.

'லெஃப்ட்... ரைட்...' என்றது ஒரு பெண் குரல்.

கணீரென்று ஹால் முழுக்க எதிரொலித்தது. இந்தக் கிழட்டு ஸ்பீக்கருக்குள் இப்படியொரு கம்பீரமா? பழைய சிஸ்டத்தில் இந்த எதிரொலி இருந்ததே இல்லை. எல்லாம் புது பேக்கேஜின் மகிமை. இன்ஜினியருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆபீஸ் வேண்டாமென்று அனுப்பிய நாளிலிருந்து இன்றுதான் அவரால் ஒரு காரியம் முடிந்திருக்கிறது.

"இங்க வா, வந்து கேளு" என்று திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் கூப்பிட்டார். "நாளைக்கே நீ கிளாஸ் எடுக்கலாம். போன பிள்ளைங்க எல்லாம் தானா திரும்பி வருவாங்க."

பின்னால் காலடிச் சத்தம் வந்து நின்றது. இன்னொரு முறை தட்டினார். 'லெஃப்ட்... ரைட்...'

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு சார்" என்றது ஓர் ஆண் குரல். அவர் திரும்பினார். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்காரர் நின்றிருந்தார். "சாமானெல்லாம் ஏத்தியாச்சு, அம்மாவும் வண்டியில உட்கார்ந்துட்டாங்க. கொஞ்சம் எந்திரிங்க சார், இந்த நாற்காலியும் அவங்களோடதாம்."