கோயிலுக்கென்று சொன்ன மூன்று பாட்டில்கள்

பாளையங்கோட்டை,
திங்கட்கிழமை.

கர்த்தருக்குள் மிகவும் அன்பான மெர்வின் மாமாவுக்கு,

உங்கள் அக்காள் மகள் எப்சி வெட்கத்தோடு எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். அங்கே நீங்களும் சுகமாயிருக்க இருவரும் ஜெபிக்கிறோம். இந்தக் கடிதத்தை வாசித்து முடித்த பிறகும் அப்படியே இருக்கவேண்டுமென்று நான் மட்டும் தனியாக ஜெபிக்கிறேன்.

லீவு முடிந்து பிரான்சுக்கு, போர்தோவுக்குத் திரும்பும்போது என் புத்தக அலமாரியில் நீங்கள் ஒளித்துவைத்துவிட்டுப் போன பாட்டில்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒரே தோட்டத்துச் சிவப்பு ஒயின், மூன்று வருஷத்து அறுவடை: 2009, 2013, 2016. ஒயினே குடித்திராத ஒருவர் மூன்றையும் ருசித்து, இருபதுக்கு மதிப்பெண் போட்டு, காரணமும் எழுதித் தரவேண்டும், அதை வைத்துத்தான் உங்கள் ஒயின் படிப்புப் பரீட்சைக் கட்டுரை என்றீர்கள். ஒயினைப் பற்றி அலமாரி நிறைய வாசித்தவள், ஒரு சொட்டும் குடிக்காதவள், என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது என்று நானே பெருமையாகச் சொன்னேன். நீங்கள் அங்கே மருந்துக் கம்பெனியில் இல்லை, ஒயின் கடையில் வேலை பார்க்கிறீர்கள் என்பதை அம்மாவிடம் சொல்லமாட்டேன் என்றும் வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கு ஒன்றுதான் மிச்சம்.

போன வாரம் கரையான் ஏறியிருக்கிறதா என்று பார்க்க அம்மா புத்தகங்களை இறக்கியிருக்கிறாள். நான் வேலைவிட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது மூன்று பாட்டிலும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக நின்றன. "ஏட்டி, என்னது இது?" என்றாள். என் வாய் என்னைக் கேட்காமலே பதில் சொன்னது: "கோயிலுக்கும்மா. திருவிருந்துக்குன்னு மாமா கொண்டாந்தாவ. சொல்ல மறந்துட்டேன்." திருவிருந்துக்காக உலர்ந்த திராட்சையை ஊறப்போட்டு, கிராம்பு தட்டிப்போட்டு, ரசம் காய்ச்சிக் கொடுக்கிறவளின் மகளுக்குத்தான் இப்படி ஒரு பொய் தோன்றும், மாமா. அம்மா ஒரு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அப்புறம், "எந்தம்பிக்கு இம்புட்டு பக்தியா!" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சனிக்கிழமை ஸ்குரூ டிரைவரை வைத்து அவளே அடுக்களையில் மூன்று தக்கையையும் நோண்டிக் கழற்றி, மறுபடி செருகி, "ஐயருக்குச் சிரமம் இருக்கப்பிடாதுல்லா" என்று கூடையில் வைத்துக் குருவானவரிடம் எடுத்துப்போனாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று ஆராதனை. ஆராதனைக்கு ஒரு பாட்டில். "பிரான்ஸ் தேசத்திலிருந்து சகோதரர் மெர்வின் அன்போடு அனுப்பிய திராட்சரசம்" என்று ஐயர் அறிக்கையில் உங்கள் பெயரை வாசித்தார். மதுவிலக்குக் கூட்டங்களில் தலைமை தாங்குகிற சுவிசேஷமுத்து தாத்தா முன்பெஞ்சில் இருந்து தலையாட்டினார். பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்று குனிந்து பார்த்தேன். என் காலடிக் கல்லறைக் கல்லுக்குக் கீழே ஏற்கெனவே ஒரு மிஷனரி இருந்தார்.

இனி மதிப்பெண்கள். காலை ஆராதனையில் 2009. முடிந்து வெளியே வந்ததும் சுவிசேஷமுத்து தாத்தா, பாடகர் குழுவில் அடிக்குரல் பாடும் எஸ்றா அண்ணனைப் பிடித்துக்கொண்டார். "ஏலே எஸ்றா, நம்ம சாலோமி காய்ச்சுததெல்லாம் ஒரு ரசமாலே? இது தொண்டையில எறங்கும்போதே தெரியுது, சீமைச் சரக்குன்னு." அண்ணன் பதறிப்போய், "சரக்குன்னு சொல்லாதீய தாத்தா, ஆராவது கேட்டுரப்போறாவ" என்றார். பதினாறு.

அடுத்த ஆராதனையில் 2013. இதைத் திருவிருந்தில் நானே வாங்கினேன். செர்ரி, பழைய தோல், தேவதாரு மரம் எல்லாம் புத்தகத்தில் சொன்ன வரிசையிலேயே வந்தன. முழந்தாளில் நின்றுகொண்டு இதையா நினைக்கிறாய் என்று மனசாட்சி கேட்டது. அதற்குப் பதில் சொல்லாமல், முடிவில் மெல்லிய கிராம்பு என்று சேர்த்துக்கொண்டேன். மீந்ததைக் குடித்துத் தீர்க்கவேண்டிய முறைப்படி குடித்த ஐயர், ஆசீர்வாதத்தை இரண்டு தடவை கூறினார். பதினேழு.

மாலையில் 2016. பிரேமலதா டீச்சர் அம்மாவின் கையைப் பிடித்து, "யக்கா, நடவுக்குத் தண்ணி தொறந்துவிட்ட வயக்காட்டு வாசம் வருதுக்கா. கன்னமெல்லாம் சுடுது, தொட்டுப் பாருங்க" என்றார். அம்மா தொட்டுப் பார்த்து, "ஆமா, சுடத்தான் செய்யுது" என்றாள். பதினெட்டு.

ருசித்தவர்கள் அனைவரும் வாழ்நாளில் ஒயின் தொடாதவர்கள் என்பதால் மதிப்பெண்களாவது சுத்தமானவை. மற்றபடி, விஷயம் தெரியாத ஜனங்களுக்கு என் பொய்யை ஊற்றிக் கொடுத்துவிட்டேன். அதைவிட ஒன்று என்னைத் தின்கிறது. "சாலோமி காய்ச்சுததெல்லாம் ஒரு ரசமா" என்று தாத்தா சொன்னபோது அம்மா காலிக் கூடையோடு பக்கத்தில்தான் நின்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டு மரத்தைப் பார்த்தாள். வருஷக்கணக்காக அவள் காய்ச்சியதை ஒரு காலைப்பொழுதில் நான் மட்டமாக்கிவிட்டேன். இன்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். வாயால் சொல்லத் தைரியம் இல்லை. இந்தக் கடிதத்தையே வாசிக்கக் கொடுத்துவிடுவேன். உங்கள் கடை விஷயமும் அதோடு வெளியே வரும். என்னை மன்னியுங்கள். பரீட்சையில் நீங்கள் தேற, நான் தலைநிமிர்ந்து கோயிலுக்குப் போக, கிருபை நம் இருவரோடும் இருப்பதாக.

குனிந்த தலையோடு,
எப்சி

பி.கு.: அம்மா கண்ணாடி போட்டு வாசித்தாள். கிராம்பு வந்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. "கோயிலுக்கு எவளாவது சாராயத்தக் குடுப்பாளாட்டி? பாட்டில்ல போனது பூராவும் நான் காய்ச்சுனதுல்லா. சிரிப்ப அடக்க முடியாமத்தான் மரத்தப் பாத்துக்கிட்டு நின்னேன்" என்றாள். ஆகவே மேலே உள்ள மதிப்பெண்களை அடித்துவிடுங்கள். அவை மூன்றும் உலர்ந்த திராட்சைக்கு. உங்கள் கடையும் அவளுக்கு முன்பே தெரியுமாம்: "மருந்துக் கம்பெனிக்காரன் என்னைக்காவது தலவலிக்கு ஒரு மாத்திரப் பேரு சொல்லியிருக்கானா?" நிஜ ஒயின் அடுக்களையில், வருஷம் எழுதி ஒட்டிய மூன்று ஊறுகாய் ஜாடியில் இருக்கிறது. சனிக்கிழமையிலிருந்து அம்மாவின் வாயுத் தொல்லைக்கு வேளைக்கு ஒரு மடக்கு. அம்மா போடச் சொன்ன மதிப்பெண்: 2016க்குப் பத்து, நாக்கைப் பிடித்து இழுக்கிறது; 2013க்கு நாலு, இரக்கப்பட்டு; 2009க்குப் பத்தொன்பது. "அடுத்த தடவ வரும்போது அந்த ஒம்பதுல ரெண்டு கொண்டாரச் சொல்லு. ஆராவது கேட்டா, கோயிலுக்குன்னு சொல்லிக்கிடலாம்."