டாட் டிஎன்

கம்ப்யூட்டர் வகுப்பில் ஆறு மாதம் உட்கார்ந்து எழுந்தவர்கள் எல்லாம் அறிவாளிகள் இல்லை என்பதற்கு நானே சாட்சி. ஆனால் இரண்டாயிரத்தை ஒட்டிய அந்த நாட்களில், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவிலேயே ஈமெயில் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். அந்தத் தலைக்கனம் சும்மா விடுமா?

என் அக்கா கணவர் முருகேசன் மாமா, பல வருடம் அடுத்தவர்களுக்கு நெய்து கொடுத்துவிட்டு, சொந்தமாக ஒரு பட்டுப்புடவைக் கடை திறக்கவிருந்தார். அக்காவின் வளையல்கள் உட்பட வீட்டில் இருந்ததெல்லாம் அந்தக் கடைக்குள் போயிருந்தது.

“மாமா, வெப்சைட் ஒண்ணு இருந்தா அமெரிக்காவுல இருந்துகூட புடவை கேப்பாங்க” என்றேன்.

“டாட் காம்னு சொல்றாங்களே, அதுவாமா?”

“காம் எல்லாரும் வெக்கிறது மாமா. ஒவ்வொரு எடத்துக்கும் தனியா ரெண்டெழுத்து இருக்குது. இந்தியாவுக்கு ஐஎன். நமக்கு டிஎன். உங்க வண்டி நம்பர் பிளேட்டுலயே போட்டிருக்குதே!”

மாமா வாசலுக்குப் போய்த் தன் மொபெட்டைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். “கரெக்டுதாம்மா. கவர்மெண்டே குடுத்திருக்கான்.”

பெயர்ப்பலகை, துணிப்பை, திறப்பு விழா அழைப்பிதழ் என்று எல்லாவற்றிலும் கடைப் பெயருக்குப் பின்னால் டாட் டிஎன் ஏறியது. பெயரைப் பதிவு செய்வதை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். (நம்ம ஊர் முகவரியை நம்மை விட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?)

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து, டிஎன் முகவரி கொடுக்கும் இடத்தைத் தேடினேன். அந்தப் பக்கம் மேலிருந்து கீழாக, ஆடி அசைந்து திறந்தது. பாதி பிரெஞ்சு, பாதி அரபி. மூன்று முறை மூடித் திறந்த பிறகுதான் உறைத்தது. உலக நாடுகளின் பட்டியலில் ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டெழுத்துக் குறி ஒன்று உண்டு. அதுதான் இணைய முகவரியின் வாலாக வரும். டிஎன் என்பது துனிசியா. ஆப்பிரிக்காவின் வடக்கு ஓரம்.

அன்றே வீட்டில் சொல்லியிருக்கலாம். நானோ, புதிய வால்கள் சில உருவாக்கப் போகிறார்கள் என்று எங்கோ படித்த தைரியத்தில், அதற்கான வெளிநாட்டு அலுவலகத்துக்கு ஈமெயில் அனுப்பினேன். தமிழ்நாட்டுக்கும் ஒன்று உடனே உருவாக்கித் தருமாறும், வரும் வெள்ளிக்கிழமை எங்கள் கடை திறப்பு விழா என்றும் எழுதினேன். மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது: இரண்டெழுத்து வால் நாடுகளுக்கு மட்டும்தான், வேறு வால் வேண்டுமென்றால் விண்ணப்பம், கட்டணம், குழு, பரிசீலனை என்று நெடுநாள் ஆகும், தமிழ்நாடு ஒரு நாடு அல்ல. (பெயரிலேயே நாடு இருக்கிறதே என்று எழுத விரல் துடித்தது.)

வெள்ளிக்கிழமை கடை நிறைய சொந்தபந்தம். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்த மாமாவின் தம்பி முறை பாபு, பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு உரக்கக் கேட்டார்.

“இன்னாண்ணே, துனிசியாவுல கிளை வெச்சிக்கினு இருக்கீங்களா?”

மாமா என்னைப் பார்த்தார். என் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

“இல்லப்பா. மொதல்ல காஞ்சிபுரம். இது ஓடுச்சின்னா அங்க” என்றார் மாமா, கண் இமைக்காமல். கடையே சிரித்தது. நான் பின்னறைக்குள் ஓடிப்போய் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் மாமா வந்தார். பிரவுசிங் சென்டரில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். “பலகை போனா போவுது, பெயிண்டரு வந்தா அழிச்சிருவான். ஒரு வாரமா தெரிஞ்சிக்கினே எங்கிட்ட சொல்லாம இருந்த பாரு, அதாம்மா கஷ்டமா இருக்குது.”

அந்த வார்த்தைக்குப் பிறகு நான் எதையும் மறைத்ததில்லை. பலகை மறுநாளே மாறியது. துணிப்பைகளைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. பல வருடங்களுக்குக் காஞ்சிபுரம் மார்க்கெட்டில் கத்திரிக்காயும் கீரையும் துனிசியா முகவரியில்தான் வீடு போய்ச் சேர்ந்தன.

கடை நன்றாகவே ஓடியது. போன மாதம் என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், பெண்ணின் அம்மாவுக்கு எந்த ஊர் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

“பொறந்தது பிள்ளையார்பாளையம். பேரெடுத்தது துனிசியா.”